பகடை உருளுமுன் சொல்லிவிடுங்கள்

(மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைக் கதை ஆட்டங்களின் சண்டை விதிகள் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாரந்தோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அது என்ன ஆட்டம் என்று கேட்டறிய வந்தவர்களும் இருக்கிறீர்கள். பின்னவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், வழக்கில் டிஎம். கதை நடக்கும் உலகமும் அதில் வரும் அரக்கர்களும் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், இப்படி. என்ன செய்கிறேன் என்று அவரவர் வாயால் சொல்ல, விளைவை டிஎம் சொல்லக் கதை நகரும். சண்டை வந்தால் பகடை வெளியே வரும். இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்கு உரிய எண்ணைக் கூட்டி, எதிராளியின் ஆர்மர் கிளாஸ் என்ற எண்ணை எட்டினால் அடி விழுந்தது என்று பொருள். அடியின் அளவுக்கு இன்னொரு பகடை. அது எதிராளியின் ஹிட் பாயிண்ட் கணக்கில் கழியும்.

இந்தச் சண்டை விதிகளை டிஎம் இரண்டு விதமாகக் கையாளுகிறார். புத்தகத்தில் உள்ளதற்குப் பொருள் காண்கிறார். சில சமயம் புத்தகத்தில் உள்ளதையே மாற்றுகிறார். மூலத்துக்கு உரை காண்பதும் மூலத்தைத் திருத்துவதும் வேறு வேறு வேலைகள் என்று தமிழ் படித்த ஓர் அவைக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே குறளுக்குப் பரிமேலழகர் ஒரு பொருள் சொல்வார், மணக்குடவர் வேறு பொருள் சொல்வார். இருவரும் உரைகாரர்களாகவே நிற்பார்கள். ஆட்ட மேசையிலோ இந்த இரண்டு வேலையும் கலந்துபோகின்றன. கையில் பகடையோடு ஒருவர் காத்திருக்கும்போது, பொருள் சொல்கிறேன் என்று தொடங்கிய டிஎம் விதியைத் திருத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார். சண்டை முடிந்து எழும்போது எவரோ ஒருவர் முகம் வாடியிருக்கிறது.

பொருள் காண்பதைச் சண்டையின் நடுவில் செய்யலாம். செய்தே ஆக வேண்டும். திருத்துவதை அங்கே செய்யக் கூடாது. நான் சொல்ல வந்தது இதுதான். ஏன் என்று காட்டுவதற்குத்தான் உங்களிடம் இவ்வளவு நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எழுதிய விதிக்கும் நடுவர் தீர்ப்புக்கும் இடையிலான இந்தத் தகராறு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைவிட மிகப் பழையது. 1824-இல் பிரஷ்யப் படையைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தம் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைச் செப்பனிட்டு வெளியிட்டார். கிரீக்‌ஷ்பீல் என்று பெயர். விரிவான நிலப்படம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் கட்டைகள், பகடை, இழப்பைக் கணக்கிட அட்டவணைகள், இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவர். எதிரியின் எந்தப் படை எவர் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் நடுவரே முடிவு செய்வார். காலப்போக்கில் அட்டவணைகள் பெருத்தன. சில நிமிடச் சண்டையைத் தீர்க்க நெடுநேரம் கணக்குப் போடும் ஆட்டத்தில் அதிகாரிகளுக்குச் சலிப்புத் தட்டியது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜெர்மானியத் தளபதி அட்டவணைகளையும் பகடையையும் ஒதுக்கிவிடச் சொன்னார். நடுவரின் தீர்ப்பே போதும் என்பது அவர் வாதம்.

இன்று விதிப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு டிஎம் சொல்வதே விதி என்று ஆட வேண்டும் என்று சொல்லும் அணியினர் இந்த வெர்டியைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடுகிறார்கள். அந்த அணியின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றை அவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். வெர்டி நம்பிய நடுவர்கள் 1866-இலும் 1870-இலும் மெய்யான போர்க்களத்தில் நின்றவர்கள். குதிரைப்படை பீரங்கி வரிசையை நோக்கிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் கண்டவர்கள். அவர்களுடைய தீர்ப்புக்குப் பின்னால் அனுபவம் இருந்தது. நம்மில் எவரும் டிராகனைக் கண்டதில்லை. கவசம் அணிந்து வாள்வீச்சைத் தாங்கியவர்கள்கூட மிகச் சிலர். அனுபவம் இல்லாத இடத்தில் தீர்ப்பு என்பது ஒரு தனி ஆளின் அன்றைய மனநிலையாகச் சுருங்கிவிடும். விதிப்புத்தகம் நமக்கு வேண்டியிருப்பது அதனால்தான்.

பிரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு வருவோம். 1880-இல் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி ஸ்ட்ராட்டெகோஸ் என்ற போர் விளையாட்டு நூலை எழுதினார். 1960-களில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி அதைப் படித்து, விதியில் இல்லாத ஒன்றை ஆட்டக்காரர் செய்ய முனைந்தாலும் நடுவர் அதற்கு விடை சொல்லலாம் என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டார். பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து அவர் நடத்திய ஆட்டங்களில் ஆடியவர் டேவ் ஆர்னெசன். அந்த ஆர்னெசன் 1971-இல் பிளாக்மூர் என்ற சொந்த உலகைத் தொடங்கினார். அதே ஆண்டு, விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனுடன் சேர்ந்து எழுதிய செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிநூல் வெளியானது. அதன் பின்னிணைப்பில் டிராகன்களும் மந்திரவாதிகளும் இருந்தார்கள்.

ஆர்னெசன் முதலில் செயின்மெயில் விதியைத்தான் எடுத்தார். அதில் சாதாரண வீரன் மேல் ஒரு அடி விழுந்தால் ஆள் காலி. நூறு பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடும் ஆட்டத்தில் அது சரியான விதி. ஒரே ஒரு பாத்திரத்தை வாரக்கணக்கில் வளர்த்து, அதற்குப் பெயர் வைத்து, அதன் கதையோடு ஒன்றிவிட்டவர்களுக்கு அது பொறுக்கவில்லை. அடிகளைத் தாங்கும் அளவை எண்ணாக வைத்துக் கழித்துவரும் ஹிட் பாயிண்ட் முறை அந்த மேசையில் வேரூன்றியது இப்படித்தான். இன்று கோடிக்கணக்கானோர் கணினியிலும் கைபேசியிலும் ஆடும் ஆட்டங்களில் தலைக்கு மேல் ஓடும் சிவப்புப் பட்டையின் மூலம் இதுவே. இந்த ஆட்டத்தின் ஆணிவேரான விதியே ஒரு மேசையின் திருத்தமாகப் பிறந்தது. ஆகவே திருத்தமே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1974 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர், முதல் பதிப்பு 1000 பிரதிகள். சண்டைக்குச் செயின்மெயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இதோ ஒரு மாற்று முறை என்று இருபது முகப் பகடை அட்டவணை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மாற்றாக வந்தது மூலத்தை விழுங்கிவிட்டது. விடுபட்டதை நீங்களே உங்கள் விருப்பம்போல் கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளுங்கள் என்ற கருத்தோடு மூன்றாவது நூல் முடிந்தது. வாசகர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975-இல் டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்ற எளிய ஆட்டத்தைத் தாமே எழுதினார். கலிபோர்னியாவில் ஸ்டீவ் பெரின் சண்டைக்கான தம் திருத்தங்களைத் தொகுத்துச் சுற்றுக்கு விட்டார். இடைக்கால ஆயுதச் சண்டையைக் கவசமும் பிரம்பு வாளுமாக நடத்திப்பார்க்கும் குழுவில் அவர் இருந்தவர். வாளை வாளால் தடுப்பது, அடி உடலின் எந்த உறுப்பில் விழுந்தது என்று பார்ப்பது ஆகியவை அவர் 1978-இல் கொண்டுவந்த ரூன்குவெஸ்டில் இடம்பெற்றதற்கு அந்த அனுபவமே காரணம். வெர்டியின் நடுவர்களைப் போல, பெரினும் தாம் உடலால் அறிந்ததைத்தான் திருத்தமாக எழுதினார்.

வரலாறு போதும். பொருள் காண்பதற்கு வருகிறேன்.

ஒரு சண்டை விதி எதை அளக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது. ஹிட் பாயிண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நிலைக்கு (லெவலுக்கு) வளர்ந்த வீரனுக்கு 80 ஹிட் பாயிண்ட் என்றால், அவன் எண்பது கத்திக்குத்து வாங்கியும் நிற்பான் என்றா பொருள்? 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்கு விரிவாகவே பதில் சொன்னார். அந்த எண்ணில் உடல் வலுவின் பங்கு கொஞ்சம். மீதி எல்லாம் சண்டைத் திறமை, அதிர்ஷ்டம், தெய்வத் துணை, ஆபத்தை முன்னறியும் உணர்வு. அப்போது ஒரு ரவுண்டு, அதாவது சண்டையில் எல்லோருக்கும் ஒருமுறை வாய்ப்பு வரும் சுற்று, ஒரு முழு நிமிடம். அந்த நிமிடத்தில் வாள்கள் பலமுறை மோதும், ஏமாற்று வீச்சுகள் நடக்கும். அதில் உருப்படியாகக் கிடைத்த ஒரு வாய்ப்பைத்தான் பகடை காட்டுகிறது என்றார்.

அழகான விளக்கம். ஆனால் அதே விதியில் வில்லுக்கு ஒரு ரவுண்டில் இரண்டு அம்பு. வாள்வீச்சை எண்ண வேண்டாம், அது பொதுக்கணக்கு என்று சொன்ன புத்தகம், அம்பை மட்டும் ஒன்று இரண்டு என்று எண்ணி அம்பறாத்தூணியிலிருந்து கழிக்கச் சொல்கிறது. ஒரு நிமிடத்துக்கு இரண்டு அம்புதானா என்று வில்லாளி கேட்டால் நியாயமான கேள்விதான். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு ரவுண்டை 6 விநாடியாகக் குறைத்தது. அம்புக் கணக்கு சரியானது. வாள்வீச்சு பற்றிய பழைய விளக்கம் வலுவிழந்தது. ஒரு விதிக்குள் இரண்டு அளவுகோல் ஒளிந்திருக்கும் என்பதை இந்த ஓர் உதாரணத்திலேயே பார்க்கலாம். டிஎம் எந்த அளவுகோலில் நின்று பேசுகிறார் என்பது அவருக்கே தெளிவாக இருக்க வேண்டும்.

இன்னும் நெருங்கிப் பார்க்க ஒரு மந்திரத்தை எடுக்கிறேன். ஃபயர்பால். மந்திரவாதி விரல் நீட்டிய இடத்தில் தீப்பந்து வெடிக்கும். ஆரம் 20 அடி. திறந்த வெளியில் எவருக்கும் சந்தேகமில்லை. 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள சுரங்கப்பாதையில் வெடித்தால்? 1978-இன் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேடு, தீ தன் கன அளவைக் குறைத்துக்கொள்ளாது, இடத்தின் வடிவத்துக்கேற்ப விரியும் என்றது. 20 அடி ஆரமுள்ள கோளத்தின் கன அளவு ஏறத்தாழ 33,000 கன அடி. பாதையின் குறுக்குவெட்டு 100 சதுர அடி. வகுத்தால் 330 அடி நீளத்துக்குத் தீ ஓடும். வெடித்த இடத்திலிருந்து இரு பக்கமும் 165 அடி. அறுபதடி தள்ளி நின்று எறிந்த மந்திரவாதியும் அவனுடைய நண்பர்களும் அதில் வெந்துபோவார்கள்.

இன்றைய ஐந்தாம் பதிப்பில் அதே பெயர், அதே 20 அடி. ஆனால் கன அளவுப் பேச்சே இல்லை. அதன் 2014 நூலில் தீ மூலை திரும்பும், அவ்வளவுதான். பாதையில் இரு பக்கமும் 20 அடியோடு நின்றுவிடும். பழைய பதிப்பில் பழகிய டிஎம் ஒருவர், இயற்கையில் தீ அப்படித்தானே பரவும் என்று ஐந்தாம் பதிப்பு மேசையில் 165 அடிக்கு அதை ஓடவிட்டால், அது பொருள் காண்பதாகாது, திருத்தம். அதுவும் நான்கு பேரைக் கொல்லும் திருத்தம். மந்திரவாதியாக ஆடுகிறவர் புத்தகத்தை நம்பித்தான் விரல் நீட்டினார். எனக்குப் பழைய விதியின் மேல் தனிப் பிரியம் உண்டு. சுரங்கத்தில் தீயை எறிவதற்கு முன் ஆட்டக்காரர்கள் கையால் நீள அகலம் கணக்கிட்ட காலம் அது. அந்த அச்சம் என் மேசையில் வேண்டும் என்றால், ஆட்டம் தொடங்கும் நாளிலேயே சொல்வேன்.

மறுபக்கமும் உண்டு. விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டக்காரர் டிஎம்மை நெருக்குவதும் நடக்கும். ஆட்டக்காரர்கள் நடுவே பிரபலமான ஒரு வாதம்: இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடியானவர்களை வரிசையாக நிறுத்து; ஒவ்வொருவரும் தன் கைக்கு வரும் கம்பை அடுத்தவரிடம் கொடுக்கத் தயாராக இருப்பதாகச் சொல்லட்டும்; விதிப்படி எல்லாம் ஒரே ரவுண்டில், 6 விநாடிக்குள் முடிந்துவிடும்; ஆகவே கம்பு இரண்டு மைல் தூரத்தை 6 விநாடியில் கடக்கிறது; அந்த வேகத்தில் எதிரியைத் தாக்கினால் கோட்டையே பிளக்கும். எழுத்துப்படி கம்பு கைமாறுகிறது என்பது சரி. கம்புக்கு அந்த வேகம் இருக்கிறது, அந்த வேகம் சேதம் செய்யும் என்பதை எந்த விதியும் சொல்லவில்லை. பாதி தூரம் விதிப்புத்தகத்தையும் மீதி தூரம் இயற்பியலையும் பிடித்துக்கொண்டு நடக்கிற வாதம் இது. 2024-இன் டன்ஜன் மாஸ்டர் கையேடு இதற்கென்றே இடம் ஒதுக்கி, ஆட்ட விதிகள் இயற்பியல் விதிகள் அல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு டிஎம்முக்கும் பொருந்தும். சுரங்கத் தீயை இயற்பியல் சொல்லி நீட்டவும் அது அனுமதிக்கவில்லை.

இனித் திருத்தம். ஹவுஸ் ரூல் என்று மேசை தனக்கென வைத்துக்கொள்ளும் எந்த விதியைக் கொண்டுவந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு விலை கொடுப்பது யார்? பெரும்பாலும், அந்த விதியைக் கைதட்டி வரவேற்றவரே கொடுப்பார்.

கிரிட்டிகல் அடியைப் பாருங்கள். பகடையில் 20 விழுந்தால் சேதப் பகடைகளை இரட்டிப்பாக உருட்டுவது ஐந்தாம் பதிப்பு விதி. இரட்டிப்பாக உருட்டியும் இரண்டு மூன்று என்று விழுந்தால் சப்பென்று போகிறதல்லவா? அதனால் பல மேசைகளில், ஒரு பங்குப் பகடைக்கு உச்ச எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு மற்றதை மட்டும் உருட்டுகிறார்கள். எல்லோருக்கும் பிடித்த திருத்தம். இப்போது முதல் நிலை மந்திரவாதி ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். ஹிட் பாயிண்ட் 7. எதிரே பெரிய கோடரியோடு ஆர்க் என்ற அரக்கன். பன்னிரண்டு முகப் பகடை ஒன்று, கூட 3, அதன் அடி. ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்குப் போன பிறகும் மிஞ்சும் சேதம் முழு ஹிட் பாயிண்ட் அளவை எட்டினால், உயிர் காக்கும் வாய்ப்பே இல்லாமல் பாத்திரம் அந்த இடத்திலேயே சாகும் என்பது புத்தக விதி. அதாவது 7 உள்ளவருக்கு ஒரே அடியில் 14. புத்தகப்படி ஆர்க்கின் கிரிட்டிகல் இரண்டு பகடையும் 3-உம். 14-ஐ எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 69. திருத்தத்தின்படி 12, கூட ஒரு பகடை, கூட 3. மிகக் குறைந்த அளவே 16. சாவு உறுதி. கைதட்டிய மேசை தன் மந்திரவாதிக்குத் தானே குழி வெட்டியிருக்கிறது.

கைகாக்ஸ் 1979-இலேயே கிரிட்டிகல் அடியை எதிர்த்தார். காரணம் எளிது. ஆர்க் ஒரு சண்டைக்கு வந்து செத்துப் போகிறவன். பாத்திரம் எல்லாச் சண்டையிலும் நிற்கிறது. வாழ்நாள் முழுவதும் அதன் மேல் உருளும் பகடைகளை எண்ணினால், திடீர்ச் சாவைக் கூட்டும் எந்த விதியும் கடைசியில் பாத்திரத்தின் மேல்தான் விடியும்.

இதற்கு உடன்பிறப்பு ஃபம்பிள். பகடையில் 1 விழுந்தால் வாள் கைநழுவும், அல்லது பக்கத்து நண்பனை வெட்டும் என்று பல மேசைகள் வைத்துக்கொள்கின்றன. இதில் அடிபடுவது யார்? முதல் நிலை வீரன் ரவுண்டுக்கு ஒருமுறை தாக்குகிறான். 1 விழும் வாய்ப்பு நூற்றுக்கு 5. இருபதாம் நிலை வீரன் நான்கு முறை தாக்குகிறான். ஒருமுறையாவது 1 விழும் வாய்ப்பு நூற்றுக்கு 18-ஐத் தாண்டுகிறது. ஒரு நாட்டின் தலைசிறந்த வாள்வீரன், வாளை நேற்று எடுத்த பையனைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமாக வாளைத் தவறவிடுகிறான். ஃபயர்பால் எறியும் மந்திரவாதியோ தாக்குதல் பகடையே உருட்டுவதில்லை. அவனுக்கு ஃபம்பிள் என்பதே கிடையாது. கத்தி பிடிப்பவனை மட்டும் தண்டிக்கும் விதி இது. என் மேசையில் இதற்கு இடமில்லை; உங்கள் மேசையிலும் வேண்டாம் என்பது என் கருத்து.

சுற்றிவளைத்துத் தாக்குவது பற்றியும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். எதிரியின் இரு பக்கமும் இருவர் நின்றால் அட்வான்டேஜ் தரலாம் என்று 2014 டன்ஜன் மாஸ்டர் கையேடு விருப்ப விதியாகச் சொன்னது. அட்வான்டேஜ் என்றால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது. 11 தேவைப்படும் இடத்தில் நூற்றுக்கு 50 ஆக இருந்த வாய்ப்பு 75 ஆகிவிடும். ஓரடி நகர்ந்து நின்றதற்கு இது மிகப் பெரிய கூலி. பார்பேரியன் என்ற பாத்திர வகைக்கு இதே அட்வான்டேஜ் உண்டு. அதற்கு அவன் கொடுக்கும் விலை, தன் அடுத்த முறை வரும்வரை எதிரிகள் அவனை அதே சலுகையோடு தாக்கலாம். உடம்பைப் பணயம் வைத்து அவன் வாங்கியதைப் பக்கத்தில் நின்றவர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டால், அவனுடைய திறமைக்கு என்ன மதிப்பு? இரண்டு அட்வான்டேஜ் சேர்ந்தாலும் ஒன்றுதான் என்பதால் கூடுதல் பயனும் அவனுக்கு இல்லை. பகடையோடு 2 கூட்டுவது என்று வைத்தால் 50 என்பது 60 ஆகும். பார்பேரியனின் பங்கும் தனியாக நிற்கும். நான் அப்படித்தான் ஆடுகிறேன்.

நல்ல திருத்தமும் உண்டு. 2014 விதிப்படி காயத்தை ஆற்றும் மருந்தைக் குடிக்க ஒருவர் தம் முறையின் முக்கியச் செயலான முழு ஆக்‌ஷனையும் செலவிட வேண்டும். சராசரியாக 7 ஹிட் பாயிண்ட் கிடைக்கும். எதிரி அதே ரவுண்டில் பத்து எடுத்துவிடுவான். ஆகவே மருந்து பைக்குள்ளேயே கிடந்தது. குடிப்பதற்கு, கூடவே செய்ய அனுமதியுள்ள சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும் என்று மேசை மேசையாக மாற்றிக்கொண்டார்கள். யாருக்கு நஷ்டம்? எவருக்கும் இல்லை. 2024 விதிநூலில் அந்தத் திருத்தமே அச்சேறிவிட்டது.

எல்லா இடத்திலும் திருத்தம் வேண்டியதில்லை, பொருள் காண்பதே போதும் என்று காட்ட என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் பதிப்பில் ஹிட் பாயிண்ட் பூஜ்யமானால் பாத்திரம் மயங்கி விழும். தன் முறை வரும்போதெல்லாம் ஒரு பகடை. 10-உம் அதற்கு மேலும் வெற்றி. மூன்று வெற்றி முந்தினால் பிழைக்கும், மூன்று தோல்வி முந்தினால் சாகும். தனியே விட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 60. ஆனால் அறுபதடி தள்ளி நிற்கும் கிளெரிக், அதாவது காயம் ஆற்றும் மந்திரம் அறிந்த பூசாரி, ஒரு சொல் சொன்னால் எழுந்து நின்றுவிடலாம். அதனால் விழுவதும் எழுவதும் ஒரே சண்டையில் நாலு முறை நடக்கும். சாவின் கனம் போய்விடும். இதைச் சரிசெய்யப் பல மேசைகளில், விழும் ஒவ்வொரு முறையும் ஒரு படி களைப்பு என்று வைக்கிறார்கள். விலை கொடுப்பது யார் என்று கேளுங்கள். முன்வரிசையில் நின்று மற்றவர்களுக்காக அடிவாங்கும் வீரன். அவன்தான் அடிக்கடி விழுகிறான்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி வீராங்கனையாக ஆடினாள். ஒரு குகையில் அவள் பாத்திரம் விழுந்தது. அருகே கோப்ளின் என்ற குட்டி அரக்கன். “அண்ணா, அது என்னைக் குத்துமா?” என்றாள். மயங்கிக் கிடப்பவரைப் பக்கத்தில் நின்று குத்தினால் விதிப்படி அது கிரிட்டிகல். ஒரே குத்துக்கு இரண்டு தோல்வி. அவள் கேள்வியில் உயிர்ப்பயம் இருந்தது. நான் சொன்னேன்: “இப்போ குத்தாதும்மா. நிற்கிற ஆளைப் பார்த்துத்தான் அதுக்குப் பயம். ஆனா கிளெரிக் உன்னை எழுப்புறதை அது கண்ணால பார்த்துட்டா, அடுத்த தடவை விழுந்தா குத்தும். பசியோட வர்ற மிருகம்னா முதல் தடவையே இழுத்துட்டுப் போகும்.” மேசை அமைதியானது. கிளெரிக்காக ஆடியவர் உடனே எழுப்பாமல், கோப்ளினின் பார்வையை மறைத்து நிற்க இடம் தேடினார். புத்தகத்தின் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. எதிரியின் மனம் எப்படி வேலை செய்யும் என்பதுதான் புத்தகம் டிஎம்முக்கு விட்டுவைத்த இடம். அதைப் பகடைக்கு முன்பே வெளியில் சொன்னேன். சாவின் கனம் திரும்பிவிட்டது. முன்வரிசை வீராங்கனைக்குத் தண்டனையும் இல்லை.

கடைசியாக, திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்வது. டிஎம் தன் முன்னால் ஓர் அட்டைத் திரை வைத்துக்கொள்வார். 20 விழுந்ததை 12 என்று சொன்னால் எவருக்கும் தெரியாது. இரக்கத்தால் செய்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2014 கையேடும் இதற்கு இடம் கொடுத்தது. ஆயினும் இது மற்ற எல்லாத் திருத்தங்களையும்விடக் கேடு என்று உறுதியாகச் சொல்வேன். மற்ற திருத்தம் விதியை மாற்றுகிறது. இது நடந்ததையே மாற்றுகிறது. அடுத்த சண்டையில் ஒரு பெண் தன் கடைசி மந்திரத்தை நண்பனைக் காக்கச் செலவிட்டு வெல்லும்போது, அந்த வெற்றி அவளுடையதா, டிஎம் இரங்கிக் கொடுத்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த எதிரி அடித்தால் அந்தப் பாத்திரம் சாகக்கூடும், அது கதைக்கு வேண்டாம் என்று தோன்றினால் பகடையை உருட்டாதீர்கள். எதிரி சரணடையச் சொல்லட்டும், பிணைக்கைதியாகப் பிடித்துக்கொண்டு போகட்டும். உருட்டிவிட்டால் விழுந்த எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சண்டையின் நடுவே விதி தெளிவாக இல்லை என்று வந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். ஒரு பொருளைச் சொல்லுங்கள். இரு தரப்புக்கும் அதுவே இன்று முழுவதும் என்று அறிவியுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு எல்லோருமாக உட்கார்ந்து படியுங்கள். மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசி, அடுத்த வாரத்திலிருந்து என்று வையுங்கள். பேசும்போது, அந்த மாற்றத்தால் அதிகம் இழக்கப்போகிற பாத்திரம் எவருடையதோ அவரை முதலில் பேசவிடுங்கள்.

டிஎம்களாக இங்கே வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசையில் புத்தகத்திலிருந்து மாறுபடும் சண்டை விதிகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரு தாளுக்கு மேல் போனால் சிலவற்றை விட்டுவிடுங்கள். புதிதாக ஒருவர் ஆட வந்தால், அவர் பாத்திரத்தை உருவாக்க உட்காரும் முன்பே அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். பார்பேரியனாக ஆடுவதா வேண்டாமா என்பதை அவர் அதைப் படித்துவிட்டுத்தான் முடிவுசெய்ய முடியும்.